பேரிளம்பெண்ணுக்கு அப்பால்

மாதவிடாய் நிறைவை அண்டிய காலமும் இருவகை வைத்தியமும்

பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்தனர் நம் முன்னோர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என அவ்வேழையும் உலா இலக்கியம் கற்கும் மாணவர் மனனஞ் செய்வர். ஐந்து வயதிலே தொடங்கும் அந்தக் கணக்கு நாற்பதாம் வயதிலே பேரிளம்பெண்ணோடு முடிந்துவிடுகின்றது. "அதற்கு அப்பால் என்ன, ரீச்சர்?" என்று வகுப்பிலே ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். "அதற்கு மேல் புலவர்கள் எண்ணவில்லை" என்று யான் மறுமொழி கூறவே வகுப்பு முழுவதும் சிரித்தது. யானும் சிரித்தேன். அப்பொழுது எனக்கு வயது 41.

இப்பொழுது எனக்கு வயது 47. புலவர்கள் எண்ணாது விட்ட பருவத்தினுள்ளே யான் புகுந்து ஈராண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு ஒருநாள், இலக்கணப் பாடத்தின் நடுவிலே, மார்பிலிருந்து முகம்வரை தீப்போல் ஒரு வெக்கை எழுந்தது. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை வழிந்தது. சில நிமிடங்களில் அது தணிய உடல் குளிர்ந்து நடுங்கிற்று. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் ஆசிரியை சினங்கொண்டாள் என எண்ணி அஞ்சிவிட்டனர். சினமன்று, பிள்ளைகாள், அது வயதின் வருகை.

புலவர்கள் மட்டுமோ மௌனஞ் சாதித்தனர்? நம் வீடுகளும் அவ்வாறே. பெண்பிள்ளை பூப்பெய்தினால் உளுத்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து, உற்றாரை அழைத்துச் சாமத்தியச் சடங்கு செய்கின்றோம். அந்தப் பூப்பு விடைபெறும் காலத்திலோ, தாய் மகளிடம் கூறுவதில்லை. மனைவி கணவனிடம் கூறுவதில்லை. "உது வயசுக் கோளாறு, பேசாமல் இரு" என்னும் ஒரு வாசகத்தோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. பேசாமலிருந்ததால் நேர்ந்த ஒரு துயரத்தை இக்கட்டுரையின் பிற்பகுதியிற் கூறுவேன். அதற்கு முன், இப்பருவத்தின் இயல்பையும், நாட்டு வைத்தியமும் மேனாட்டு வைத்தியமும் அதற்குக் கூறும் பரிகாரங்களையும் நடுவுநிலையில் நின்று ஆராய்வோம்.

உடலில் நிகழ்வது யாது?

பெண்குழந்தை பிறக்கும்பொழுதே அவளுடைய சூலகங்களில் முட்டைகள் யாவும் அமைந்துவிடுகின்றன. நாற்பதுகளில் அந்த இருப்பு மிகவும் குறைந்துவிடுகின்றது. அப்பொழுது ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் சீராகப் படிப்படியாய் இறங்குவதில்லை; ஒரு மாதம் மிக உயர்ந்தும் மறுமாதம் மிகத் தாழ்ந்தும் ஊசலாடுகின்றது. சில மாதங்களில் முட்டை வெளிப்படாமையால் அதன் துணை ஓமோனாகிய புரொஜெஸ்தரோன் போதியளவு சுரப்பதில்லை. ஆகவேதான் மாதவிடாய் முன்பின்னாக வருகின்றது. சிலருக்குப் பெருக்கெடுத்தும் ஓடுகின்றது.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால், அது நிறைவெய்தியது என வைத்தியர் கொள்வர். பெரும்பாலார்க்கு இது 45க்கும் 55க்கும் இடைப்பட்ட வயதில் நிகழும். அதற்கு முன்னுள்ள சில ஆண்டுகளையும், நிறைவின் பின்னுள்ள முதல் ஓராண்டையுமே நிறைவை அண்டிய காலம் என்கின்றோம். 40 வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றுவிடுமாயின் அது வேறு வகை. அதனை வைத்தியரிடம் காட்டாது விடுதல் ஆகாது.

வெக்கை ஏன் எழுகின்றது? மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் உறுப்பே உடலின் வெப்பத்தைக் காக்கும் காவலாளி. ஈஸ்திரஜன் குறையும்பொழுது அங்குள்ள சில நரம்புக் கலங்கள் அளவு மீறித் தூண்டப்படுகின்றன. உடல் வெப்பம் சிறிது கூடினாலும் பெருவெப்பம் வந்துவிட்டதெனக் காவலாளி மயங்கித் தோலின் இரத்தக்குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகின்றான். அமெரிக்காவிலே பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, அடிக்கடி வெக்கை எழும் பெண்களுள் அரைவாசிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. "நாலு மாதத்தில் போய்விடும்" என்று ஆறுதல் கூறுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

வெக்கையோடு நித்திரையின்மை, எரிச்சல், மறதி, மூட்டு நோவு, பிறப்புறுப்பின் வறட்சி ஆகியனவும் சிலரை வருத்தும். அவ்வாறு வருத்துவன யாவும் இப்பருவத்தின் விளைவே என்று துணிதலும் தவறு. தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறும், இரத்தச் சோகையும் இதே வேடத்தில் வருவதுண்டு. ஆதலின் முதலில் செய்யத்தக்கது இரத்தப் பரிசோதனை. 45 வயதைக் கடந்தவர்களுக்கு ஓமோன் அளவைப் பார்க்கும் பரிசோதனை பெரும்பாலும் வேண்டுவதில்லை. ஊசலாடும் ஒன்றை ஒருநாள் அளந்து பயனில்லையன்றோ?

அலுமாரியில் இரண்டு போத்தல்கள்

என் நிலையை வீட்டார் அறிந்ததும் உதவிகள் வந்து குவிந்தன. மாமி சாத்தாவாரிக் கிழங்குச் சூரணம் ஒரு போத்தல் கொண்டுவந்தார். இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த பெறாமகள், வட அமெரிக்க மூலிகையாகிய 'பிளாக் கொஹோஷ்' குளிசை ஒரு போத்தலை மேசையில் வைத்தாள். இரண்டின் மேலும் "இயற்கையானது" என்னும் சொல் எழுதியிருந்தது. யான் கண்ட வைத்தியரோ ஓமோன் சிகிச்சை பற்றிப் பேசினார். "ஓமோனா? புற்றுநோய் வரும்!" என்று மாமி அலறினார். "சூரணமா? அதில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?" என்று பெறாமகள் நகைத்தாள். இருவரும் என்மேல் வைத்த அன்பினாலேதான் வாதிட்டனர். யான் ஓர் ஆசிரியை. இரு கட்சியையும் கேட்டு, சான்று எங்கே என வினவுதல் என் தொழில்.

இயற்கை என்னும் சொல்

இயற்கை மருந்து, இரசாயன மருந்து என நாம் எழுப்பும் மதில் அத்துணை உறுதியானதன்று. 1942 ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'பிரெமரின்' என்னும் ஈஸ்திரஜன் குளிசை எதிலிருந்து பெறப்பட்டது? கருவுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து! அதனினும் இயற்கையான மூலம் வேறு வேண்டுமோ? 1940களிலே இரசல் மார்க்கர் என்னும் அமெரிக்க இரசாயனவியலார், மெக்சிக்கோ நாட்டுக் காடுகளில் விளையும் ஒருவகை வள்ளிக்கிழங்கைக் கொண்டு புரொஜெஸ்தரோனை ஆக்கும் வழியைக் கண்டார். தேங்காய்ப்பாலும் சீனியும் இட்டு நாம் காய்ச்சி உண்ணும் இராசவள்ளியும் அக்கிழங்கின் இனத்ததே. இன்று வைத்தியர் எழுதித்தரும் ஓமோன்கள் பலவற்றின் மூலப்பொருள் தாவரங்களே.

இதனாலே சிலர், கிழங்கை உண்டாலோ அதன் களிம்பைத் தோலிற் பூசினாலோ ஓமோன் கிட்டும் என மயங்குவர். கிழங்கிலுள்ள பொருளை ஓமோனாக மாற்றுதல் ஆய்வுகூடத்திலே பல படிகளிற் செய்யப்படும் வேலை. மனித உடலுக்கு அது இயலாது. இராசவள்ளியைச் சுவைக்காக உண்போம், மருந்தென்று உண்ணற்க.

ஆகவே "இது எங்கிருந்து வந்தது?" என்னும் கேள்வியைக் காட்டிலும், "இது பயன் தருகின்றதா? தீங்கு எவ்வளவு? உள்ளிருப்பதன் அளவு தெரியுமா?" என்னும் மூன்று கேள்விகளே பயனுடையன.

ஆறுதலும் மருந்தும்

பயன் தருகின்றதா என்பதை எவ்வாறு அறிவது? "எனக்குச் சுகமாயிற்று" என்னும் ஒருவர் வாக்கு போதாது. ஒத்த நிலையிலுள்ள பெண்களை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தும் மற்றக் கூட்டத்துக்கு மருந்தைப்போலவே தோன்றும் வெறுங்குளிசையும் கொடுத்து, யாருக்கு எது சென்றதென்பது இருசாராருக்கும் தெரியாமல் ஒப்பிட வேண்டும்.

ஓமோன் சிகிச்சை பற்றிய இத்தகைய சோதனைகளைத் திரட்டி 2004 ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மதிப்பாய்வு வியப்பான செய்தியொன்றைத் தருகின்றது. வெறுங்குளிசை உண்ட பெண்களுக்கே, சோதனை முடிவில் வெக்கையின் எண்ணிக்கை ஏறத்தாழ 58 வீதம் குறைந்திருந்தது. காலஞ் செல்லத் தானாகக் குறைவதும், கவனிப்பார் ஒருவர் உளர் என்னும் ஆறுதலும் இதற்குக் காரணமாகலாம். ஓமோன் உண்டவர்களுக்கோ, வெறுங்குளிசைக் கூட்டத்தோடு ஒப்பிடும்பொழுது, அதற்கு மேலும் 75 வீதம் குறைந்திருந்தது.

இதிலே இரண்டு பாடங்கள் உள. அயல்வீட்டு அக்காவுக்கு ஒரு கஷாயத்தால் சுகம் வந்தது பொய்யன்று. ஆயின் அச்சுகம் கஷாயத்தினால்தான் வந்ததென்பதற்கு அது சான்றுமன்று. இஃது ஒன்று. மருந்து என ஒன்றைப் போற்றவேண்டுமானால், அது வெறுங்குளிசையை வென்று காட்டல் வேண்டும். இது மற்றையது.

மூலிகைகளின் நிலை

பெறாமகளின் போத்தலை முதலில் எடுப்போம். அமெரிக்காவிலே 45 முதல் 55 வயதுவரையுள்ள 351 பெண்களை வைத்து ஓராண்டு நடந்த ஒரு சோதனையின் முடிவு 2006 ஆம் ஆண்டு வெளிவந்தது. பிளாக் கொஹோஷ் தனியே, பல மூலிகைக் கலவை, அக்கலவையோடு சோயா உணவு ஆலோசனை, ஓமோன், வெறுங்குளிசை என ஐந்து கூட்டங்கள். மூலிகைக் கூட்டங்கள் வெறுங்குளிசையை வெல்லவில்லை, ஓமோன் வென்றது. அருமையாக ஈரல் பாதிப்பும் இம்மூலிகையோடு சேர்த்துப் பதிவாகியுள்ளது.

சோயாவில் ஈஸ்திரஜனைச் சிறிதளவு ஒத்த பொருள்கள் உள. அவை பற்றிய சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சிலவற்றிற் சிறு நன்மை, பலவற்றில் ஒன்றுமில்லை. உணவாக உண்பதில் தவறில்லை, புரதமாவது கிடைக்கும். 'ஈவினிங் பிரிம்றோஸ்' எண்ணெய் 1994 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான சோதனையில் வெறுங்குளிசையினும் மேம்பட்டதாகத் தோன்றவில்லை. 'சென் ஜோன்ஸ் வோர்ட்' என்னும் மூலிகை, இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் வோபரின், கருத்தடைக் குளிசை முதலியவற்றின் வலுவைக் குறைக்கும். ஆதலின் கேளாது உண்ணலாகாது.

மாமியின் சாத்தாவாரிக்கு நம் நாட்டிலே நெடிய வரலாறு உண்டு. ஹாத்தாவாரிய எனச் சிங்கள மக்களும் அதனைக் கஞ்சியாக்கி உண்கின்றனர். ஆயின் வெக்கைக்கு அது மருந்தாகுமோ எனப் பார்த்த சோதனைகள் சிறியன, குறுகியன. தீர்ப்புக் கூறப் போதாதன. அமுக்கிராவினால் நித்திரையும் மனவமைதியும் சிறிது கூடுவதாகச் சில சோதனைகள் கூறும்; எனினும் அதனோடும் ஈரல் பாதிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிவாகியுள்ளது.

மூன்றாவது கேள்வி அளவும் தூய்மையும் பற்றியது. அமெரிக்காவின் பொஸ்டன் நகர்ப்புறக் கடைகளில் விற்ற தென்னாசிய ஆயுர்வேத மருந்துகள் 70ஐ வாங்கிச் சோதித்தபோது, 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக்கு ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்ததாக 2004 ஆம் ஆண்டு ஓர் ஆய்வு அறிவித்தது. இதனைக் கூறுவது நாட்டு வைத்தியத்தை இகழ்தற்கன்று. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற வைத்தியர்கள் நம்மிடையே உளர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. நாடி பார்த்து, உணவும் உறக்கமும் கேட்டு, அரைமணி நேரம் நோயாளியோடு பேசும் பரியாரியாரின் பண்பை மேனாட்டு வைத்தியர் பலரும் கற்கலாம். பெயரும் முகவரியும் அற்ற பொட்டலத்தை யாரோ சொன்னாரென்று வாங்கி உண்பதையே கண்டிக்கின்றேன்.

ஓமோனின் ஏற்றமும் வீழ்ச்சியும்

இனி மாமியின் அச்சத்தைப் பார்ப்போம். அஃது ஆதாரமற்றதன்று. 1960களில் ஈஸ்திரஜன் குளிசை என்றும் இளமை தரும் அமுதமென அமெரிக்காவில் விளம்பரம் பெற்றது. 1975 ஆம் ஆண்டிலே, ஈஸ்திரஜனை மட்டும் உண்ட பெண்களிடையே கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் மிகுந்திருத்தல் வெளியாயிற்று. புரொஜெஸ்தரோன் வகை மருந்து ஒன்றையும் உடன் சேர்த்தால் அந்த ஆபத்து நீங்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கருப்பையுள்ள பெண் ஈஸ்திரஜனைத் தனியே உண்ணலாகாது என்னும் விதி அவ்வாறு பிறந்தது.

அடுத்த இடி 2002 ஆம் ஆண்டு ஜூலையில் விழுந்தது. 16,608 அமெரிக்கப் பெண்களை வைத்து நடந்த பெருஞ்சோதனை, தீமை மிகுந்தது என இடைநடுவில் நிறுத்தப்பட்டது. மார்புப் புற்றுநோய் 26 வீதம் அதிகரித்ததென உலகப் பத்திரிகைகள் முழங்கின. எங்கணும் பெண்கள் குளிசைகளைக் குப்பையில் எறிந்தனர்.

மாணவர்களே, இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். வெறுங்குளிசை உண்ட 10,000 பெண்களுள் ஓராண்டில் 30 பேருக்கு மார்புப் புற்றுநோய் வந்தது; ஓமோன் உண்ட 10,000 பேருள் 38 பேருக்கு வந்தது. 30இலிருந்து 38 என்பது ஏறத்தாழ 26 வீத உயர்வுதான். எனினும் மேலதிகமானோர் 10,000இல் 8 பேரே. அவ்வாறே மாரடைப்பு முதலிய இருதய நோய் 7, பக்கவாதம் 8, நுரையீரலில் இரத்தக்கட்டி 8 எனக் கூடின. பெருங்குடற் புற்றுநோய் 6, இடுப்பெலும்பு முறிவு 5 எனக் குறைந்தன. வீதத்தை மட்டும் கூறினால் அச்சம் பெருகும். எண்ணிக்கையை மட்டும் கூறினால் அலட்சியம் பெருகும். இரண்டையும் சேர்த்துக் கூறுவதே நேர்மை.

மற்றொன்றும் உண்டு. அச்சோதனையிற் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. வெக்கையால் வருந்தும் 48 வயதுப் பெண்ணுக்கும், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்கு மேலான பெண்ணுக்கும் இரத்தக்குழாய்கள் ஒரே நிலையில் இரா. அவர்களைப் 18 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017 ஆம் ஆண்டு வெளியான முடிவிலே, ஓமோன் உண்டவர்களிடையே மொத்த மரணம் மிகவில்லை எனக் காணப்பட்டது.

இன்று வைத்திய அறிஞர் கொள்ளும் கருத்து இது: 60 வயதுக்குக் குறைந்த, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டு செல்லாத, பிற தடைகளற்ற பெண்ணுக்கு, வெக்கை வாழ்வைக் குலைக்குமாயின் ஓமோன் சிகிச்சையே வலுமிக்க பரிகாரம், பெரும்பாலும் நன்மையே மிகும். அது எலும்பையும் காக்கும். குளிசையாக உண்டால் இரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்புச் சிறிது கூடும். தோல்வழியாகச் செலுத்தினால் வழக்கமான அளவில் அது கூடுவதாகத் தெரியவில்லை. மார்புப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக்கட்டி, கடிய ஈரல் நோய் ஆகியவற்றால் வருந்தினோரும், காரணந் தெரியாத இரத்தப்போக்கு உடையோரும் இதனை நாடலாகாது. பிறப்புறுப்பின் வறட்சி மட்டுமே துன்பமாயின், அவ்விடத்திற் பூசும் குறைந்த அளவு ஈஸ்திரஜனே போதும். அது இரத்தத்திற் கலப்பது மிகச் சிறிது.

ஓமோன் ஏற்காதவர்க்கும் வழி உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகளும், கபாபென்ரின் என்னும் மருந்தும் வெக்கையை ஓரளவு தணிக்கும். பரிவகக்கீழின் நரம்புக் கலங்களையே நேரே அடக்கும் பெசோலினற்றன்ற் என்னும் புதிய மருந்துக்கு 2023 ஆம் ஆண்டு அமெரிக்கா அனுமதி வழங்கிற்று; அதற்கும் ஈரல் பற்றிய கடும் எச்சரிக்கை 2024 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. புதியதும் குற்றமற்றதன்று.

மருந்தில்லா மருந்து

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்திலுள்ள பத்துக் குறள்களுள் ஆறு உணவின் அளவையும் முறையையும் பற்றியன. அந்த விகிதத்தை நாம் மறந்துவிட்டோம்.

உண்மையை உள்ளவாறே கூறுவேன். நடையும் யோகாசனமும் வெக்கையின் எண்ணிக்கையைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. அதனால் அவற்றைக் கைவிடலாமோ? கூடாது. மாதவிடாய் நின்றபின் முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி 20 வீதம் வரை குறையக்கூடும். இருதய நோயின் வாய்ப்பும் வளரும். எலும்புக்கும் இருதயத்துக்கும் நித்திரைக்கும் மனத்துக்கும் நடை நல்லது. உடல் பருத்தோர் எடையைக் குறைத்தால் வெக்கையும் குறைவதுண்டு. மனத்தின் எண்ணப்போக்கைத் திருத்திப் பழக்கும் உளவியற் சிகிச்சை, வெக்கையினால் வரும் துன்பத்தையும் நித்திரையின்மையையும் குறைப்பதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. மருந்தில்லா வழிகளுள் சான்று மிகுந்தது இதுவே.

குரக்கன், எள்ளு, முருங்கையிலை, முள்ளோடு உண்ணும் நெத்தலி, பால், தயிர் ஆகியன எலும்புக்கு வேண்டிய கல்சியத்தைத் தருவன. எங்கள் ஆச்சிமார் குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் உண்டது அறியாமையாலன்று. சூடான தேநீரோ உறைப்பான கறியோ வெக்கையைக் கிளப்புகின்றதெனத் தாமே கண்டவர்கள் அதனைக் குறைத்துக்கொள்ளலாம். எல்லார்க்கும் அது விதியன்று.

இன்னொரு செய்தி. மாதவிடாய் முன்பின்னாக வருவதால் கருத்தரிக்கும் வாய்ப்பு முற்றாக நீங்கிவிடாது. கடைசி மாதவிடாய் 50 வயதுக்கு முன் வந்ததாயின் அதன்பின் இரண்டாண்டும், 50க்குப் பின் வந்ததாயின் ஓராண்டும் கருத்தடை அவசியம்.

சின்னம்மா

இனி, முன்னர்ச் சொல்வேன் என்ற துயரம். என் தாயின் தங்கையாகிய சின்னம்மாவுக்கு 52 வயதில் மாதவிடாய் நின்றது. இரண்டாண்டுகள் கழித்துச் சிறிது இரத்தம் கண்டது. ஒரு துளி, இரு துளி, பின்பு நின்றுவிடும், பின்பும் வரும். அவர் ஒருவரிடமும் கூறவில்லை. உடற்சூடு என்று தாமே முடிவுசெய்து, அறிந்தவரொருவர் சொன்ன பட்டைக் கஷாயத்தைப் பத்து மாதங்கள் காய்ச்சிக் குடித்தார். உதிரம் ஒழுகியது போல் அவர் உடலும் உருகிற்று. வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றபோது, கருப்பையின் உட்சுவரிலே தோன்றிய புற்றுநோய் அதனைக் கடந்து பரவியிருந்தது. தொடக்கத்திலே கண்டால் சத்திரசிகிச்சையினாற் குணமாக்கக்கூடிய நோய் அது என்று வைத்தியர் கூறினார். அடுத்த ஆண்டு சின்னம்மா எம்மை விட்டுப் பிரிந்தார்.

கஷாயம் அவரைக் கொல்லவில்லை. கஷாயம் தந்த ஆறுதலும், வெட்கம் இட்ட பூட்டும், அவற்றினூடே கழிந்த பத்து மாதங்களுமே அவரைக் கொண்டுபோயின. ஈமக்கிரியைக்கு வந்த பெண்களுள் மூவர், தமக்கும் அவ்வாறு கண்டதுண்டு என்று என் காதோடு கூறினர். அவர்களை மறுவாரமே வைத்தியரிடம் அனுப்பினேன். நற்பேறாக மூவருக்கும் ஆபத்தான நோய் ஒன்றுமில்லை.

ஆகவே தாய்மார்களே, இவற்றை மட்டும் மனத்திற் பதியுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு சென்றபின் ஒரு துளி இரத்தம் காணினும் வைத்தியரிடம் செல்லுங்கள். இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ, உடலுறவின் பின்னோ இரத்தம் காணினும் செல்லுங்கள். மணிக்கொருமுறை துணி மாற்றுமளவு பெருக்கு ஏற்படினும் செல்லுங்கள். இவற்றுக்குக் கஷாயமும் வேண்டா, ஓமோனும் வேண்டா. முதலிற் காரணம் அறிதலே வேண்டும். பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும். சிறியதென அறிந்து உறங்குவது வேறு. அறியாது உறங்குவது வேறு.

எங்கே செல்வதென்று தயங்க வேண்டியதில்லை. 1996 ஆம் ஆண்டு தொடக்கம் நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே கட்டணமின்றிப் பரிசோதிப்பர். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, பிள்ளைப்பேற்றின்போது உங்கள் படலை திறந்து வந்த குடும்பநல மாதுவிடமோ நாளைக் கேட்டறியலாம். பரியாரியாரின் மருந்து உண்பவராயின் அதனை டாக்டரிடமும், டாக்டரின் மருந்து உண்பவராயின் அதனைப் பரியாரியாரிடமும் ஒளியாது கூறுங்கள்.

நான்காவது உறுப்பு

யான் என்ன முடிவு செய்தேன் என அறிய விரும்புவீர்கள். பரிசோதனையில் எனக்குச் சிறிது இரத்தச் சோகை இருந்தது. அதற்கு இரும்புச்சத்துக் குளிசை உண்டேன். களைப்பின் பெரும்பகுதி அதனோடே நீங்கிற்று. வெக்கை இன்னும் வருகின்றது; ஆயின் தாங்கும் அளவிலேதான். ஆகவே ஓமோன் இப்போதைக்கு வேண்டாமென வைத்தியரோடு பேசி முடிவு செய்தேன். என்னோடு கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், இரவிலே ஆறுமுறை நனைந்து விழித்து, பகலிலே வகுப்பில் நிற்கமுடியாது தவித்தவர். ஓமோன் சிகிச்சை பெற்று இன்று மனநிறைவோடு வாழ்கின்றார். இருவரும் பிழை செய்யவில்லை. துன்பத்தின் அளவும், உடலின் வரலாறும், மனத்தின் விருப்பும் ஆளுக்காள் வேறு, பரிகாரமும் வேறு. மாமியின் சாத்தாவாரிக் கஞ்சியை இடையிடையே குடிக்கின்றேன். அதனை மருந்தென்று குடிப்பதில்லை. மாமியின் கையால் வருவதென்று குடிக்கின்றேன்.

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பார்ப்பவன் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறினார் வள்ளுவர். முதல் மூன்றைப் பற்றியே இதுவரை பேசினோம். நான்காவது உறுப்பு யார்? கணவன்மாரே, பிள்ளைகளே, நீங்களே. இரவில் யன்னலைத் திறந்துவிடுவதும், காரணமற்றதெனத் தோன்றும் சினத்தைப் பொறுத்துக்கொள்வதும், "டாக்டரிடம் போவோமா? நானும் வருகின்றேன்" என்று ஒரு சொல் கூறுவதும் எந்தக் கடையிலும் விற்காத மருந்துகள். என் சின்னம்மாவை அவ்வாறு கேட்க ஒருவரும் இருக்கவில்லை. யானும் கேட்கவில்லை.

சென்ற மாதம் அதே பாடத்தை மீண்டும் கற்பித்தேன். பேரிளம்பெண்ணுக்கு அப்பால் என்னவென்று இம்முறை ஒருவரும் கேட்கவில்லை. யானே சொன்னேன்: "நாற்பதுக்குப் பின்னும் பெண்ணுக்கு ஒரு நீண்ட பருவம் உண்டு. உங்கள் அம்மாமார் இப்பொழுது அதிலேதான் இருக்கின்றனர். இன்று வீட்டுக்குச் சென்று, 'அம்மா, இரவு நித்திரை வந்ததா?' என்று கேளுங்கள்."